தொப்புள் எண்ணெய் போகாத இடம்

"நீர்க்கடுப்பெல்லாம் உடல்சூடு, இளநீர் குடித்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் போதும்" என்கிறீர்கள். வெயிலில் தண்ணீர் குறைந்து வரும் எரிச்சல் இளநீருக்கு அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை, நம் குடலிலேயே குடியிருக்கும் பாக்டீரியா. பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 செ.மீ.தான். சிறுநீர்ப்பைக்கு ஏறிவிட்ட கிருமியை எந்த எண்ணெய், எந்த வழியாகப் போய்ப் பிடிக்குமாம்? எரிச்சலோடு அடிக்கடி சொட்டுச்சொட்டாகப் போனால் தொற்று பையில் இருக்கலாம். குளிர்காய்ச்சல், வாந்தி, விலாப்புற வலி சேர்ந்தால் சிறுநீரகத்தையே தொட்டிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தொற்று அறிகுறியே இல்லாமலும் வரும். அவர்களுக்குச் செய்யும் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை அதற்குத்தான். கழிப்பறை இல்லாத கடையில் நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டு நின்று வேலை செய்யும் பெண்ணிடம் "காரத்தைக் குறை" என்பது வைத்தியமா?