சர்வே எண்ணைப் போட்டால் வழக்கு தெரிய வேண்டும்

ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து, கடன் வாங்கி அங்கேயே மனை வாங்குபவர்கள் ஏராளம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். அந்த மனைமீது ஸ்ரீபெரும்புதூரிலோ காஞ்சிபுரத்திலோ பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதா என்பதுதான் தெரிவதில்லை. நிலுவை வழக்கு பொதுவாக வில்லங்கச் சான்றில் ஏறாது. ஆனால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, வழக்கு நடப்பது தெரியாமல் வாங்கினாலும் மனையை வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளம் இலவசம், நல்ல ஏற்பாடு. அதில் தேட 16 இலக்க சி.என்.ஆர். எண், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர் போன்றவற்றில் ஒன்று வேண்டும். பெயரைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஏழுமலை என்ற பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள்! இனிஷியல் முன்னாலா, பின்னாலா? சர்வே எண்ணுக்குக் கட்டமே இல்லை. வழக்கைக் கண்டுபிடித்தாலும், வெளியாள் ஆவண நகல் பெறக் காரணம் காட்டி மனுப் போட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு உதவாது, உயர் நீதிமன்ற விதிகள்தான் வழி என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலத் தாவாக்களின் பிராதில் சொத்து விவரம் எப்படியும் எழுதப்படுகிறது. அதிலுள்ள சர்வே எண்ணையும் கணினியில் ஏற்றி, யாரும் தேடிப் பார்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் வழிசெய்ய வேண்டும். அதுவரை, முன்பணம் கொடுக்குமுன் விற்பவர் பெயரையாவது எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.