பெயின்ட் அடித்தால் பராமரிப்பா?

"எதுவும் உடையவில்லையே, பிறகு எதற்குச் செலவு?" பராமரிப்புக்குப் பணம் கேட்கும் பொறியாளருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். உடைந்த பிறகு அதே வாய், "ஏன் முன்னாடியே பார்க்கவில்லை?" என்று கேட்கும்!

குஜராத்தின் மோர்பி நகரில், மச்சு ஆற்றின் மேல் இருந்த தொங்குபாலம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பல மாதம் மூடி வைத்து, புதுப்பித்துவிட்டோம் என்று 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள். நான்கே நாள். 30-ஆம் தேதி மாலை அறுந்து விழுந்தது. 135 பேர் செத்தார்கள்.

எதைப் புதுப்பித்தார்கள்? நடக்கும் தளத்தை! மரப்பலகையை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டார்கள். பாரம் கூடியது. அதைச் சுமக்கும் வடமோ பழையது. பிரதான வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன, அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கலாம் என்றது சிறப்புப் புலனாய்வுக் குழு.

கூட்டம் அதிகம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எத்தனை பேரைத் தாங்கும் என்று சோதிக்காமலே திறந்தது யார் குற்றம்?

புதுத் தளம் கண்ணுக்குத் தெரியும், ரிப்பன் வெட்டலாம். துருப்பிடித்த கம்பியை மாற்றினால் யார் கைதட்டுவார்கள்? இந்தப் புத்திதான் ஆளைக் கொல்கிறது.

கடைசியாகச் சோதித்த தேதி, தாங்கும் ஆள் கணக்கு, கையெழுத்துப் போட்டவர் பெயர். இந்த மூன்றும் ஒவ்வொரு பாலத்தின் வாசலிலும் எழுதித் தொங்க வேண்டும். அது இல்லாத பாலத்துக்கு டிக்கெட் விற்பது வியாபாரம் அல்ல, சூதாட்டம். பணயம் மட்டும் அடுத்தவன் உயிர்.