இன்டர்நெட் கனெக்‌ஷனை மாத்தலாமா, வேண்டாமா?

போன மாசம் எங்க வீட்டுல ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு, "இருக்கிற நெட் கம்பெனியிலேயே இருப்பதா, புதுசுக்கு மாறுவதா?" பில் கட்டுறவர் அப்பா என்பதால் அவர்தான் நடுவர். மாறணும் என்ற அணியில் நானும் தங்கச்சியும். வேண்டாம் என்ற அணியில் அம்மா. அப்பத்தா மட்டும், "எதையாவது வையிங்க, என் சீரியல் சுத்தாம வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இத்தனைக்கும் காரணம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்த ஒரு பேனர். 100 எம்பிபிஎஸ், மாசம் 499 ரூபாய். இப்போ நாங்க வச்சிருப்பது நம்ம ஏரியா கேபிள் அண்ணன் கொடுக்கும் ஃபைபர் லைன். 50 எம்பிபிஎஸ், மாசம் 600 ரூபாய். பாதி வேகத்துக்கு அதிகக் காசு! பி.காம் படிக்கிற பிள்ளை இதைப் பார்த்துட்டு சும்மா இருக்கலாமா? நேரா அப்பாகிட்ட போய், "நாம ஏமாந்துட்டு இருக்கோம்" என்றேன்.

அப்பா ஒரே வரியில் முடித்தார். "சரி, கணக்குப் போட்டுக் காட்டு."

அங்கதான் மாட்டினேன் :-)

முதல்ல வேகம். எம்பிபிஎஸ் என்பதில் இருக்கிற "பி" பைட் இல்லை, பிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதனால் 50 எம்பிபிஎஸ் லைனில் ஒரு நொடிக்கு இறங்குவது 6.25 எம்பி, 100 எம்பிபிஎஸ் லைனில் 12.5 எம்பி. 700 எம்பி படம் ஒன்று 50-ல் 112 நொடி, 100-ல் 56 நொடி. அதாவது நான் சண்டை போட்டது அந்த 56 நொடிக்காக.

2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டபோது 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அந்த வேகத்தில் இதே படம் இறங்க 6 மணி நேரம் ஆகும். பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது 2005 ஜனவரியில். அதில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்ற திட்டம் பிறகு வந்தது. அதுக்காக அலாரம் வச்சு எழுந்த கதையை என் சித்தப்பா இன்னமும் போர்க்களக் கதை மாதிரி சொல்லுவார். அந்த 256 பிறகு 512 ஆகி, 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது. அரசாங்கக் கணக்குப்படி எங்க வீட்டுல இருப்பது 25 பிராட்பேண்ட்!

சரி, வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேணும்? ஃபுல் ஹெச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. 4கே-வுக்கு 15. எங்க டிவி 4கே இல்லை. டிவியில் ஒரு படம், அப்பத்தா போனில் சீரியல், தங்கச்சிக்கு ஆன்லைன் கிளாஸ், எனக்கு ஒரு வீடியோ என்று நாலும் ஒரே நேரத்தில் ஓடினாலும் மொத்தம் 20 எம்பிபிஎஸ். வாங்குவதோ 50. அப்புறம் ஏன் தங்கச்சியோட கிளாஸ் நடுவில் நின்று நின்று போகுது? அவள் இந்த வருஷம் பிளஸ் டூ. சார் ஒரு கணக்கை ஆரம்பிப்பார், படம் உறையும், திரும்ப வரும்போது விடை எழுதி முடிச்சிருப்பார். எங்க வீட்டில் பிரச்சினையே இதுதான். 499-ஆ 600-ஆ என்பது அதுக்கு அப்புறம்தான்.

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அளந்தேன். கல்லூரி நண்பனின் லேப்டாப்பை வாங்கி ரூட்டரிலேயே வயரைச் செருகிப் பார்த்தால் 48. வீடே நெட்டில் இருக்கும் ராத்திரி 9 மணிக்குப் பார்த்தால் 44. பரவாயில்லையே! வைஃபையில், ரூட்டர் இருக்கும் முகப்பில் 40. உள்ளே வந்து வளவு முற்றத்தில் 17. இரண்டாம் கட்டைத் தாண்டி தங்கச்சி படிக்கிற அறையில்... 2. சில நேரம் 3.

காரைக்குடிப் பக்கத்து பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். எங்களது அவ்வளவு பெரிய வீடு இல்லை, ஆனால் அதே ஜாதி. சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். ரூட்டருக்கும் தங்கச்சிக்கும் நடுவில் அப்படி மூணு சுவர். வெயிலை உள்ளே விடாத சுவர் வைஃபையை மட்டும் விடுமா? அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் சுவரில் சீக்கிரம் செத்துப் போகும். மெதுவான 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ரூட்டர் பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பது இந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான், போனில் வரும் 5ஜி வேறு. இது தெரியாமல் நான் பின்கட்டில் உட்கார்ந்து அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டு கம்பெனியைத் திட்டிக்கொண்டு இருந்தேன்.

ஆக, கம்பெனி சொன்ன வேகத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அது முகப்பு வரைக்கும் வந்து, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

இப்போ புதுக் கம்பெனிக்கு மாறினால்? அவங்க ரூட்டரையும் அதே முகப்பில், அதே ஆணியில்தான் மாட்டுவாங்க. 100 எம்பிபிஎஸ் அங்கிருந்து கிளம்பி மூணு சுவர் தாண்டி வந்தால் தங்கச்சிக்கு மறுபடி அதே 2, 3. இந்தச் சுவருக்கு நூறும் ஒண்ணுதான், ஐம்பதும் ஒண்ணுதான்.

வைத்தியம் ரொம்ப சாதாரணம். 35 மீட்டர் லேன் வயர், மீட்டர் 20 ரூபாய், மொத்தம் 700. பின்கட்டில் மாட்ட இன்னொரு சின்ன ரூட்டர் 1,100. கிளிப், பின் எல்லாம் 100. ஆக 1,900 ரூபாய். லேன் வயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், எங்க வீடு அதுக்குள்ளதான். ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் ஏணி போட்டு இழுத்தோம். பின்கட்டில் இப்போ 45.

இதில் எங்க பாடப்புத்தக விஷயம் ஒன்று இருக்கு. இந்த 1,900 ரூபாய் பழைய கம்பெனியில் இருந்தாலும் ஆகும், புதுக் கம்பெனிக்குப் போனாலும் ஆகும். இரண்டு பக்கமும் வரும் செலவை முடிவெடுக்கும் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதே மாதிரி, "அன்னைக்கு கனெக்‌ஷன் வாங்கும்போது ரூட்டருக்கு 1,500 கொடுத்தோமே, அது வீணாயிடுமே" என்று அம்மா சொன்னதையும் சேர்க்கக்கூடாது. அது போன காசு. மூழ்கிய செலவு என்று படிச்சிருக்கோம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன், வீட்டில் அம்மாகிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அடுத்து பணம். பேனரில் போட்ட 499 என்பது 499 இல்லை. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 588.82. நம்ம 600-ம் அப்படியே 708. வித்தியாசம் மாசம் 119 ரூபாய், வருஷத்துக்கு 1,430. நல்ல காசுதான், மறுக்கவில்லை. ஆனால் பேனருக்குக் கீழே எறும்பு சைஸில் ஒரு வரி. "ஒரு வருடக் கட்டணம் முன்பணமாகச் செலுத்தினால் இன்ஸ்டலேஷன் இலவசம்." விசாரித்தேன். மாசாமாசம் கட்டுவதென்றால் இன்ஸ்டலேஷன் 1,000, அதுக்கும் ஜிஎஸ்டி, ஆக 1,180. அப்படிச் செய்தால் முதல் வருஷ லாபம் 1,430-லிருந்து 250 ரூபாயாகச் சுருங்கும். முழு லாபமும் வேணும்னா 7,066 ரூபாயை இன்றைக்கே மொத்தமாகக் கொடுக்கணும். நடுவில் பிடிக்கலைன்னா மீதி திரும்ப வருமா என்று கேட்டேன். "அதெல்லாம் பிரச்சினையே வராது சார்" என்றார் அந்தப் பையன். கேள்விக்குப் பதில் இல்லை என்பதே பதில்.

அப்புறம் கேபிள் அண்ணன்கிட்ட போனேன். பேனர் விலையைச் சொன்னேன். "தம்பி, நானும் பார்த்தேன்" என்றார். கொஞ்ச நேரம் யோசிச்சு, "550 போட்டுக்கலாம், அப்பாகிட்ட சொல்லு" என்றார். ஜிஎஸ்டியோடு 649. ஒரு வார்த்தை கேட்டதற்கு மாசம் 59 ரூபாய் குறைந்தது. இத்தனை நாள் கேட்காமல் இருந்தது யார் தப்பு?

இப்போ புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் மாசம் 60 ரூபாய். மாசாமாசம் கட்டும் வழியில் பார்த்தால் முதல் வருஷம் பழசுதான் 458 ரூபாய் மலிவு. இரண்டாம் வருஷத்திலிருந்து புதுசு 722 ரூபாய் மலிவு, பேனர் விலை அப்படியே இருந்தால்!

அந்த "இருந்தால்" எனக்கு உறுத்துகிறது. காரணம் மொபைல் கதை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதுக்கு முன்னாடி 1 ஜிபி சுமார் 250 ரூபாய். ஜியோவோ 2017 மார்ச் வரை இலவசம். யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்தப் போட்டியில் ஒவ்வொரு கடையாக மூடிச்சு. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 கடைசியில் பேசும் சேவையை நிறுத்தியது. நம்ம ஊரில் பாதிப் பேர் வச்சிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் சிக்னலே இல்லாமல் படுத்து, அதே மாசக் கடைசியில் திவால் மனு போட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின. டாடா டோகோமோ ஏர்டெலுக்குள் போனது. மிஞ்சியது மூணு தனியார், ஒரு பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் மூணு தனியாரும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றினார்கள். ஜியோவில் 28 நாள் பேக் 239-லிருந்து 299 ஆனது, 84 நாள் பேக் 666-லிருந்து 799 ஆனது.

இதை வச்சு "பெரிய கம்பெனி எல்லாம் கெட்டது" என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் போட்டி வராவிட்டால் நாம் இன்னும் 1 ஜிபியை மாசம் முழுக்கப் பிச்சுப் பிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருப்போம். கேபிள் அண்ணன் விலை குறைத்ததும் என் மேல் பாசத்தில் இல்லை, பேனர் மேல் இருந்த பயத்தில். என் கருத்து இவ்வளவுதான். இரண்டு பேரும் ஊரில் இருக்கும் வரைக்கும்தான் நமக்கு விலை பேச வாய் இருக்கும். முதல் ஆஃபரைப் பார்த்ததும் தெருவே மொத்தமாகத் தாவினால் அடுத்த வருஷம் பேச ஆள் இருக்காது.

அண்ணன் லைனிலும் குறை இல்லாமல் இல்லை. மாதாந்திர பராமரிப்பு என்று கரண்ட் கட் ஆகும் நாளில் ரெண்டு மணி நேரத்தில் அவர் பேட்டரி தீர்ந்து நெட்டும் போய்விடும். கோட்டையூரில் மாமா வீட்டில் அந்தப் புதுக் கம்பெனிதான், அங்கே அந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். ஆனால் வயர் அறுந்தால் அண்ணன் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து நிற்பார். மாமாவுக்கு டிக்கெட் நம்பர் வரும், ஆள் வர மூணு நாள் ஆனது. பரீட்சை வருஷத்தில் எனக்கு மாசம் 60 ரூபாயை விட அந்த மூணு நாள் பெருசு.

பட்டிமன்றத் தீர்ப்பு: இப்போதைக்கு மாறவில்லை. 550-க்கு மாசாமாசம் கட்டுகிறோம், வருஷ முன்பணம் யாருக்கும் கிடையாது. தங்கச்சி பரீட்சை முடிஞ்சதும் மறுபடி கணக்குப் பார்ப்போம். அதுக்குள்ள லைன் அடிக்கடி போச்சுன்னா நானே முதல் ஆளாகப் போய் மாத்துவேன்.

நீங்களும் மாறும் யோசனையில் இருந்தால் மூணே மூணு வேலை செய்யுங்க. ரூட்டரில் வயரைச் செருகி ஒருமுறை அளந்து பாருங்க. விலையில் ஜிஎஸ்டி, இன்ஸ்டலேஷன் எல்லாம் சேர்த்து 12 மாசத்துக்குக் கூட்டிப் பாருங்க. கடைசியா, இருக்கிறவர்கிட்ட விலை குறைக்கச் சொல்லி வாய் விட்டுக் கேளுங்க. அதுக்கு அப்புறமும் புதுசுதான் லாபம்னா தாராளமா மாறுங்க.

டிஸ்கி: அப்பத்தா சீரியல் இப்போ சுத்தாம ஓடுது. வயர் இழுத்ததால் என்று சொன்னேன். "அதெல்லாம் இல்ல, போன்ல தூசி இருந்துச்சு, நான் தொடச்சேன்" என்கிறார். அதுவும் சரிதான்.