பூட்டிய வீட்டு டாய்லெட்டும் இரண்டு டப்பாக்களும்

காமர்ஸ் படிக்கிற பையன் டாய்லெட்டைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். சரி, சிரித்துவிட்டே படியுங்கள் :-)

தி.நகரில் எங்கள் தெருவில் எப்போதும் இரண்டு மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கும். பெரியவர்கள் ஆறு மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருப்பார்கள். எதிர் வீட்டு மாமா திரும்பி வந்து ஒரு கதை சொன்னார். அங்கே அவர் மகனிடம் டாய்லெட்டோடு கூடிய கேம்பர் வண்டி இருக்கிறதாம். குளிர்காலத்தில் அதை நிறுத்திவைக்கும் முன் கழிவுத் தொட்டியைக் காலி செய்து கழுவி, டாய்லெட்டில் உறையாத திரவம் ஒன்றை ஊற்றுவார்களாம். இல்லாவிட்டால் தண்ணீர் பனிக்கட்டியாகி குழாயைப் பிளந்துவிடும்.

நம் ஊரில் தண்ணீர் உறையாது, வற்றிவிடும். டாய்லெட்டின் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, அதுதான் சாக்கடை வாயுவுக்குக் கதவு. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய யோசனை அது. வீட்டைப் பூட்டிப் போனால் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றும். பிறகு நாற்றமும் கரப்பான்பூச்சியும்தான்.

உடனே என்ன செய்கிறோம்? ஊர் திரும்பும் முன் வேலைக்கார அக்காவுக்கு ஒரு போன். "நல்லா கழுவி வை." அலமாரியில் ஆசிட் பாட்டில் ஒன்று, பிளீச்சிங் பவுடர் டப்பா ஒன்று. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தில் போர்க்களத்தில் வீரர்கள் மேல் ஏவிய அதே வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக.

போன மே மாதம் அப்படி ஒரு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவப்பு. "நல்லா சுத்தமாகட்டும்னுதான் தம்பி ரெண்டையும் போட்டேன்" என்றார். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அந்தச் சம்பளத்தைப் பிடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அறியாமை அவருடையது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டு டப்பாவையும் வாங்கி வைத்தது வீட்டுக்காரர்கள். லேபிளைப் படிக்கத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கிளம்பும் முன் ஏதாவது ஒரே ஒரு கிளீனர் போட்டுத் தேய்த்து, நிறைய தண்ணீர் விடுங்கள். ஃப்ளஷ் டேங்கின் வால்வை மூடி அதைக் காலி செய்யுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும். வளைவுத் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது, கொசுப்புழுவும் வளராது. பிறகு மூடியை மூடுங்கள். சாவி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மறுபடி எண்ணெய் விட்டால் போதும். குளியலறைத் தரை ஜாலிக்கும் இதேதான். திரும்பி வரும்போது முதலில் ஜன்னல், அடுத்து ஒரு வாளி தண்ணீர், கடைசியில் அதே ஒரே கிளீனர்.

கணக்குப் பாடத்தில் வரப்போகும் நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வை என்பார்கள். இங்கே ஒதுக்க வேண்டியது இரண்டு ஸ்பூன் எண்ணெய், மாதம் ஒரு சொம்பு தண்ணீர். அதைச் செய்யாமல் நாம் மிச்சம் பிடித்தால், நஷ்டம் வேறு ஒருவரின் நுரையீரலில் எழுதப்படுகிறது.