ஆளில்லா நேரத்தில் பேட்ச் வேண்டாம்

கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்தில் தோட்ட அலுவலகம், செம்பனை ஆலை, கூட்டுறவுச் சங்கம் என எங்கு போனாலும் சம்பளக் கணக்கும் எடைச் சீட்டும் ஒரு சர்வருக்குள்தான் இருக்கின்றன. அதைப் பராமரிப்பவர் பல இடங்களில் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருக்கிறார். டேட்டாபேஸ் மென்பொருளுக்கு வரும் பேட்ச்களை இரவில் தானாக ஓடும்படி வைத்துவிட்டால் போதும், யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இப்போது வேரூன்றிவிட்டது. செலவு குறைவதால் நிர்வாகங்களுக்கும் இது பிடித்திருக்கிறது. இந்த எண்ணம் தவறு என்கிறேன். அந்த எண்ணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவதில் மட்டும் உண்மை நிறைய உண்டு.

பேட்ச் தாமதமானால் சர்வர் தாக்கப்படும் என்பது அந்தக் காரணம். 2003 ஜனவரி 25 அன்று எஸ்கியூஎல் ஸ்லாமர் என்ற புழு மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள் ஓடும் கணினிகளுக்குள் புகுந்தது. குறைந்தது 75,000 கணினிகள் சிக்கின; தொற்றக்கூடியவற்றில் 90 விழுக்காட்டை முதல் 10 நிமிடத்திலேயே அது பிடித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்த சர்வர்கள் சிலவற்றிலேயே அது போடப்படவில்லை. ஆறு மாதம் சும்மா இருந்ததை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒருவர் ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து போட்டிருந்தாலே அந்த ஆபத்து நீங்கியிருக்கும். மேலும், ஸ்லாமர் நுழைந்த வழி இணையத்துக்குத் திறந்து கிடந்த ஒரு போர்ட். பாலிங்கில் இருக்கும் ஒரு தோட்டத்தின் சம்பள டேட்டாபேஸ் உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டிய தேவை என்ன? விபிஎன் வழியாக மட்டும் அணுக விட்டால், பேட்சைச் சோதித்துப் போடச் சில நாள் அவகாசம் கிடைக்கும்.

தயாரித்தவர்களே சோதித்துத்தானே வெளியிடுகிறார்கள் என்று அடுத்துக் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 8.0.38 பதிப்பில், 10,000-க்கு மேல் டேபிள் உள்ள சர்வர் மறுதொடக்கத்தின்போது விழுந்தது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி டேபிள்கள் வைத்துப் பல கடைகளின் கணக்கைப் பார்க்கும் நிறுவனத்துக்கு அந்த எண்ணிக்கை பெரிதல்ல. அதே ஆண்டு நவம்பர் 14-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் திருத்தங்கள் சில துணை மென்பொருள்களோடு ஒத்துப்போகாததால், நவம்பர் 21-இல் மறுபடியும் வெளியிட வேண்டியதாயிற்று. இரண்டையும் உருவாக்குபவர்கள் திறமைசாலிகள். தவறு தெரிந்ததும் விரைந்து திருத்தினார்கள். ஆனால் முதல் இரவே தானாகப் போட்டுக்கொள்ளும் சர்வருக்கு அந்தத் திருத்தம் பிந்தித்தான் வந்து சேரும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொரு பேச்சு: பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி. ஆரக்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் ஓபேட்ச் கருவி, தொடங்குமுன் இந்தக் கணினி பேட்சுக்குத் தயாரா என்று கேட்கும். சைலண்ட் முறையில் ஓட்டினால் அந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடை தானாகப் போய்விடும். கேள்வி வைத்ததே ஒருவர் நின்று பார்க்கட்டும் என்பதற்காகத்தான். அதோடும் வேலை முடியாது. ஓபேட்ச் மாற்றுவது மென்பொருள் கோப்புகளை. டேட்டாபேஸுக்குள் செய்யவேண்டிய மாற்றங்களை டேட்டாபேட்ச் என்ற இன்னொரு கருவி செய்கிறது. அதை ஓட்டாமல் விட்டாலும் டேட்டாபேஸ் திறக்கும், பயனர்கள் வேலை செய்வார்கள். பேட்ச் பாதியில் நிற்பது தேடிப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

இதைவிட மௌனமான கேடு ஒன்று உண்டு. அது டேட்டாபேஸ் பேட்ச்கூட அல்ல, அடியில் இருக்கும் லினக்ஸை மேம்படுத்துவதால் வருவது. 2018-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 என்ற லினக்ஸ் அடிப்படை நூலகம், எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. கோடு, சாய்கோடு போன்ற குறிகள் கலந்த சொற்களின் இடம் மாறியது. போஸ்ட்கிரெஸ் பழைய வரிசையில் கட்டி வைத்த இண்டெக்ஸைப் புதிய விதியோடு படித்தால், இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லக்கூடும். ஒரே ஆளை இரண்டு முறை பதியவும் விடக்கூடும். பிழைச் செய்தி வராது. நம் தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். ஏ/எல், ஏ/பி என்ற சாய்கோடு இல்லாத தமிழ்ப் பெயர் அதில் எத்தனை? அடையாள அட்டை எண்ணையும் நடுவில் கோடு போட்டுத்தானே எழுதுகிறோம். மேம்படுத்தியதும் எல்லா இண்டெக்ஸையும் மறுபடி கட்ட வேண்டும் என்று அறிந்த ஒருவர் அந்த வேளையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பளநாளில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தன் பெயரைக் காணாமல் கிராணியின் மேசை முன் நிற்பார்.

ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு யார் வேலை செய்கிறார்கள் என்பது தலைநகரிலிருந்து வரும் வாதம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு இங்கே வாரத்தின் முதல் வேலை நாள். அன்று அதிகாலையில் விழுந்த சர்வர், அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் திறக்கும் காலையிலும் விழுந்தே கிடக்கும்; எழுப்ப வேண்டியவருக்கோ அன்று விடுமுறை. செம்பனை ஆலைக்கு இரவு பகல் என்ற பேதமும் கிடையாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால், மகசூல் காலத்தில் லாரிகள் இரவிலும் எடைமேடைக்கு வரும். எடை பதிய முடியாத நிலையில் ஓட்டுநர்கள் வரிசையில் காத்துக் கிடப்பார்கள்.

கெட்டுப்போனால் தூரத்திலிருந்தே சரிசெய்துவிடலாம் என்பதை 2024 ஜூலை 19 பொய்யாக்கியது. அது டேட்டாபேஸ் சம்பவம் அல்ல; கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாகப் போன ஒரு கோப்பு. மலேசிய நேரம் நண்பகல் கடந்த சில நிமிடங்களில் அது இறங்கியது; ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. ஏர் ஏசியா பயணிகளைக் கையால் செக்-இன் செய்ய வேண்டி வந்தது. படுத்த கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக ஆள் போய் எழுப்ப வேண்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கெடாவில் விடுமுறை. சிக் பக்கத்துத் தோட்ட அலுவலகத்தின் சாவி அந்த நேரத்தில் யாரிடம் இருக்கும்?

பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் எப்போதும் செல்லாது. மைஎஸ்கியூஎல் 8.0-க்கு ஏறிய டேட்டாபேஸை 5.7-க்கு இறக்க வழியில்லை. பேக்கப் ஒன்றே கதி.

ஆள் பற்றாக்குறை மெய்யானது. சிறு தோட்டம் டேட்டாபேஸுக்கென ஒரு நிபுணரை வைத்துக்கொள்ள முடியாது. கட்டளைகளை ஸ்கிரிப்ட் ஓட்டட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மற்றதற்கு மனிதர் வேண்டும். முந்தைய இரவின் பேக்கப்பை ஒரு தனிக் கணினியில் மீட்டு, அதில் பேட்ச் போட்டு, ஒரு மாதச் சம்பளத்தை ஓட்டிப் பாருங்கள்; பேக்கப் வேலை செய்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு ஒரே ஓர் இடத்தில் போட்டு, சில நாள் விட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். நேரத்தைக் கிராணியிடமும் ஆலை மேலாளரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓட்டை என்றால் அன்றே போடுங்கள், ஆள் விழித்திருக்கும்போது.

தோட்ட நிர்வாகிகளுக்கும் கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தானியங்கிப் பேட்ச் என்று அதில் இருந்தால், பேட்ச் ஓடும் நேரத்தில் விழித்திருப்பவர் யார், சர்வர் அறையின் சாவியோடு இங்கே நிற்பவர் யார் என இரண்டு பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அதன் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராதவரிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.