சட்டமும் நீங்களும்: ரத்தா, விவாகரத்தா?

எர்ணாவூர்ப் பெண் ஒருத்தி மதுரையில் வாழ்க்கைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில், மறைத்திருந்த உண்மை ஒன்று வெளிப்படுகிறது. இனி அவள் என்ன செய்யலாம்?

கணவனுக்கு விவாகரத்தாகாத முதல் மனைவி உயிரோடிருந்தால், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி அது கல்யாணமே அல்ல. அப்படி அறிவிக்கும்படி கேட்க அந்தச் சட்டத்தில் கெடு எதுவுமில்லை.

வேறு முக்கியமான விஷயத்தை மறைத்தோ, பலவந்தப்படுத்தியோ சம்மதம் பெற்றிருந்தால், கல்யாணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். எது முக்கியம் என்பதைக் கோர்ட் தீர்மானிக்கும். ஆனால், சகோதரிகளே, மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிக் குடித்தனம் நடத்தினால் அந்தக் கதவு மூடிவிடும். "கொஞ்ச நாள் பொறுத்துப் போ, அம்மா" என்ற புத்திமதியின் விலை இது!

அதன் பிறகு மிஞ்சுவது விவாகரத்துதான். அது, செல்லுபடியான கல்யாணத்தைக் கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல் போன்ற காரணங்களுக்காக முடித்துக்கொள்வது. கல்யாணமாகி ஓராண்டு நிறையுமுன் சாதாரணமாக அந்த மனுவை ஏற்கமாட்டார்கள்.

குழந்தை இருந்தால்? கல்யாணம் ரத்தானாலும் அது சட்டப்படியான குழந்தையே. ஜீவனாம்சமும் கேட்கலாம், செல்லாத கல்யாணத்திலும் கோர்ட் அதை வழங்கலாம் என்று 2025இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இதற்காக மதுரைக்கு அலைய வேண்டாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் இடத்துக்குரிய கோர்ட்டிலேயே மனுப் போடலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு.

உண்மை தெரிந்த தேதியை மட்டும் முதலில் குறித்து வையுங்கள்.