அபராதமா, கட்டணமா?

2018-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி, லண்டன் நகரத்தில் கிரேட் போர்ட்லண்ட் தெரு வழியாக ஒரு பென்ட்லி கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் டேவிட் பெக்காம். இங்கிலாந்துக் கால்பந்துக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். கோடி கோடியாகச் சம்பாதித்தவர். அவருடைய கண் சாலையில் இல்லை. கையிலிருந்த செல்போனில் இருந்தது. தெருவில் இருந்த ஒருவர் அதைப் படம் எடுத்துவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. பெக்காம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 மே மாதம் தீர்ப்பு வந்தது. வண்டிகள் மெதுவாகத்தான் ஊர்ந்தன என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அது சாக்காகாது என்றார் நீதிபதி.

தண்டனை என்ன? 750 பவுன் அபராதம். வழக்குச் செலவு முதலியவை சேர்த்து 925 பவுன். முன்பே வேகக் குற்றங்களுக்காக அவர் லைசென்ஸில் ஏறியிருந்த ஆறு புள்ளிகளோடு இன்னும் ஆறு சேர்ந்ததால், ஆறு மாதம் வண்டி ஓட்டத் தடை.

சட்டம் பெரிய மனிதரையும் விடவில்லை என்று பலர் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நாம் வேறொரு கேள்வி கேட்கிறோம். 925 பவுன் அந்த மனிதருக்குத் தண்டனையா? லண்டனில் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அது வாரக் கணக்கில் உழைத்த உழைப்பு. பெக்காமுக்கோ, ஒரு வேளை விருந்தின் செலவு. ஒருவனுக்கு வயிற்றில் அடிப்பதும் இன்னொருவனுக்குப் பையில் இருக்கும் சில்லறையை எடுத்துக் கொடுப்பதும் எப்படி ஒரே தண்டனையாகும்?

லண்டன் விவகாரம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் நினைக்கக்கூடாது. சாலையில் செத்து விழுகிறவர் யார் என்று பார்த்தால் இது நம்முடைய விவகாரம் என்பது விளங்கும்.

மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். சைக்கிளில் போனவர்களையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடுகிறது. இரவு ஷிப்டு முடித்துச் சாலையோரம் நடந்து வரும் ஆலைத் தொழிலாளி, விடியற்காலையில் நடவுக்குப் போகும் பெண்கள், பின்னால் மனைவியையும் முன்னால் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவன் - இவர்கள்தான் அந்தக் கணக்கு. காருக்குள் இருப்பவருக்கு இரும்புக் கூடு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, மோதினால் விரியும் காற்றுப் பை இருக்கிறது. வெளியே நடப்பவனுக்கு என்ன இருக்கிறது? தோள்மேல் போட்ட துண்டுதான் இருக்கிறது.

இந்தச் சாவுகளில், அந்த ஒரு வருஷத்தில், 3,000-க்கு மேற்பட்டவை வண்டி ஓட்டும்போது செல்போனைப் பயன்படுத்தியதால் நேர்ந்தவை என்று போலீஸ் எழுதியிருக்கிறது. உண்மைக் கணக்கு இதற்கும் மேலே இருக்கும் என்பதே நம் எண்ணம். குடித்தவன் வாயில் நாற்றம் இருக்கும். வேகமாக வந்தவனுடைய டயரின் தடம் சாலையில் இருக்கும். செல்போனைப் பார்த்தவனோ, மோதிய மறு நிமிஷம் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குறுக்கே வந்து விழுந்தான் என்று செத்தவன் மேலேயே பழியைப் போட்டுவிடலாம்.

செல்போன் என்ன செய்கிறது என்பதை நூற்பாலைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது கண்ணும் கையும் மனசும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஒரு கணம் மனசு வேறிடம் போனால் விரல் போய்விடும். கார் ஓட்டுவதும் அப்படித்தான். ஒரு வித்தியாசம்: ஆலையில் கவனம் தவறினால் போவது தன் விரல், சாலையில் போவது அடுத்தவன் உயிர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். 120-ல் போனால் 33 மீட்டர். 180-ல் போனால் 50 மீட்டர். வந்த செய்தியைப் படிக்க ஐந்து விநாடி கண்ணைத் திருப்பினால், 180-ல் போகிறவர் கால் கிலோமீட்டர் தூரம் குருடராக ஓட்டுகிறார் என்று அர்த்தம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்கு இது சமம். அப்புறம் பார்த்துப் பிரேக் போட்டாலும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஜாதிக் காரில் இந்த ஆபத்து பன்மடங்கு. நின்ற இடத்திலிருந்து மூன்று நான்கு விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிப்பதற்கென்றே செய்த வண்டி அது. நூறில் போகிறோமா, நூற்றைம்பதில் போகிறோமா என்பது உள்ளே இருப்பவருக்கு உறைப்பதேயில்லை. சிலர் வேகம் காட்டும் முள்ளைத் தாங்களே செல்போனில் படம் பிடித்து, ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று பரப்புகிறார்கள். ஒரு கையில் ஸ்டியரிங். மறு கையில் போன். சாலையில் இருக்கும் ஜனங்களின் உயிர் எந்தக் கையிலும் இல்லை!

கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்று ஒரு வாதம் உண்டு. இதுவும் உண்மையல்ல. கனடாவில் டொரன்டோ நகரத்து டிரைவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 1997-ல் வெளியாயிற்று. போன் பேசும்போது மோதும் அபாயம் சுமார் நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காத போனும் அதற்குக் குறைந்ததல்ல என்றும் அது கண்டது. கை ஓய்வாக இருந்தாலும் மனசு ஓய்வாக இல்லை என்பதே காரணம்.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. செல்போனைக் கையில் பிடித்தபடி வண்டி ஓட்டுவதை 184-வது பிரிவில் அபாயகரமான ஓட்டலாகச் சேர்த்தார்கள். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் அபராதம் 10,000 ரூபாய். சிறை இரண்டு வருஷம் வரை. ஏட்டில் நல்ல சட்டம்தான். நடப்பில் சாலையோரத்தில் ரசீது கிழிப்பதோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது.

அந்த ஆயிரம் ரூபாய் யாருக்கு எவ்வளவு? 2025-26-ம் வருஷத்துக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அப்படியானால் ஆயிரம் ரூபாய் என்பது விவசாயத் தொழிலாளிக்கு மூன்று நாள் உழைப்பு. மூன்று நாள் அடுப்பு. மூன்று கோடி ரூபாய்க் காரில் வருகிறவருக்கு அது அன்றைக்குப் போட்ட பெட்ரோலின் விலைகூட இல்லை. அவருக்கு அது அபராதமல்ல; கட்டணம்! சுங்கச் சாவடியில் பணம் கட்டிவிட்டுப் போவதுபோல, செல்போன் பேசியபடி ஓட்டும் உரிமைக்கும் பணம் கட்டிவிட்டுப் போகலாம். ஏழைக்குத் தண்டனையாகவும் பணக்காரனுக்கு விலைப் பட்டியலாகவும் இருக்கும் சட்டத்தை, எல்லோருக்கும் சமமான சட்டம் என்று எப்படிச் சொல்வது?

பிரிட்டனிலும் இந்தக் கோணல் உண்டு. செல்போன் குற்றத்துக்குக் கார் ஓட்டுகிறவருக்குக் கோர்ட்டு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 1,000 பவுன். பஸ்ஸோ லாரியோ ஓட்டுகிற தொழிலாளிக்கு 2,500 பவுன்! கனரக வண்டியால் சேதம் அதிகம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் பொய்யல்ல. ஆனால் கூலிக்கு ஓட்டுகிறவனுக்கு இரண்டரைப் பங்கு, கோடீஸ்வரனுக்கு ஒரு பங்கு என்றல்லவா முடிகிறது?

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பின்லாந்து தேசத்தில் 1921 முதல் நாள்-அபராதம் என்ற முறை இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப இத்தனை நாள் என்று விதிப்பார்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதை அவரவர் வருமானம் தீர்மானிக்கும். செல்போன் செய்து உலகமெங்கும் விற்ற நோக்கியா கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர், 50 கிலோமீட்டர் எல்லையுள்ள ஹெல்சிங்கி சாலையில் 75-ல் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். 2002-ல் அவருக்கு விழுந்த அபராதம் 1,16,000 யூரோ. பிற்பாடு வருமானம் குறைந்ததை அவர் காட்டியபோது அபராதமும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. குறையட்டும்! வருமானம் ஏறினால் ஏறுவதும் இறங்கினால் இறங்குவதும்தானே இந்த முறையின் நியாயம். 2023-ல் அதே தேசத்தில் இன்னொரு கோடீஸ்வரர் 50 எல்லையில் 82-ல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார். ஸ்விட்சர்லாந்தில் 2010-ல் பெராரி ஸ்போர்ட்ஸ் காரில் வேகமாகப் போன ஒரு செல்வந்தருக்கு ஏறக்குறைய 3 லட்சம் பிராங்க் விதித்தார்கள்.

டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வெறிபிடித்தாற்போல் ஓட்டப்படும் வண்டியையே பறிமுதல் செய்ய 2021-ல் சட்டம் வந்தது. அந்த வருஷமே, ஜெர்மனியில் புத்தம் புதிதாக வாங்கிய லம்போர்கினி காரை மணிக்கு 236 கிலோமீட்டரில் ஓட்டி வந்தவரிடமிருந்து போலீஸார் அந்தக் காரையே பிடுங்கிக்கொண்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது எவருக்கும் சட்டம் புரிந்துவிடும்.

இவை வேகக் குற்றங்கள். செல்போன் குற்றத்துக்கும் இதே அளவுகோலை வைக்க என்ன தடை? தடை சட்டத்தில் இல்லை. மேல்தட்டாரின் கூச்சலில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1992-ல் வருமானத்தை ஒட்டிய அபராத முறை வந்தது. வசதி படைத்தவர்களிடமிருந்தும் பத்திரிகைகளிடமிருந்தும் பெரும் கூப்பாடு எழுந்தது. முறையில் இருந்த குறைகளைத் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. மறு வருஷமே முறையையே கைவிட்டார்கள்.

வருமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதிகாரிகள் கையை விரிக்கலாம். நாம் அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். காருக்கு ஆயுள் வரி வாங்கும்போது அதன் விலைக்குத் தக்கபடிதானே தமிழ்நாடு சர்க்கார் வாங்குகிறது? 2023 நவம்பரில் வந்த விகிதப்படி 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதுக் காருக்கு 12 சதவிகிதம்; 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவிகிதம். வரியை விலை பார்த்து வாங்கத் தெரிந்த சர்க்காருக்கு, அபராதத்தை விலை பார்த்து வாங்கத் தெரியாதா? காரின் விலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏட்டிலேயே இருக்கிறதே!

லைசென்ஸை நிறுத்தி வைத்தால் போதும், அது எல்லோருக்கும் சமம் என்பார்கள் சிலர். செல்போன் பேசி ஓட்டினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸை நிறுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதை அமுல் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதுவும் முழுச் சமமல்ல. லைசென்ஸ் போனால் லாரி டிரைவருக்குச் சோறு போயிற்று; ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு பின் ஸீட்டில் உட்கார்ந்து போன் பேசுவார். ஆகவேதான் வருமானத்துக்கேற்ற அபராதமும் வண்டிப் பறிமுதலும் சேர்ந்து வர வேண்டும் என்கிறோம்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பணக்காரனைக் கண்டிக்கிறோம் என்பதற்காக நம் தவறு தவறில்லை என்றாகிவிடாது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நம் வண்டி மோதினாலும் சாகிறவன் நம்மைப் போன்ற இன்னொரு ஏழைதான். வீட்டிலிருந்து போன் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவோம். ஓட்டிக்கொண்டிருப்பார் என்று தெரிந்தால் வீட்டிலிருப்பவர்களும் கூப்பிடாமல் இருப்போம்.

ஆனால் இதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். லாரி ஓடும்போதே "எங்கே வருகிறாய்?" என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கூப்பிடும் முதலாளிக்குத் தண்டனை உண்டா? வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்களுக்கு வழியும் ஆர்டரும் செல்போனிலேதான் வருகின்றன. போனைப் பார்த்தால் போலீஸ் பிடிக்கும். பார்க்காவிட்டால் வேலை போகும். அவனை அந்த இடுக்கில் நிறுத்திய கம்பெனி ஒரு காசு கட்டுவதில்லை.

ஆகவே நாம் கோருவது இது: செல்போன் பேசி வண்டி ஓட்டும் குற்றத்துக்கு வருமானத்தையும் வண்டியின் விலையையும் ஒட்டி அபராதம் விதிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்கிறவரின் வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஓட்டும் தொழிலாளியைப் போனில் விரட்டும் முதலாளியையும் கம்பெனியையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வண்டி நிற்கும்போது மட்டுமே ஆர்டர் வரும்படி கம்பெனிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சாலை எல்லோருடைய வரிப்பணத்திலும் போட்டது. அதில் நடந்து போகிறவனின் உயிருக்கு ஆயிரம் ரூபாய் ரசீதுதான் விலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எண்ணவிடவும் கூடாது. சங்கக் கூட்டங்களில், கிராமசபைகளில், ஆலை வாயில்களில் இதைப் பேசுங்கள். தீர்மானம் போட்டு அனுப்புங்கள். அபராதம் அபராதமாக இருக்கட்டும். கட்டணமாக இருக்க வேண்டாம்!